வீட்டுக்கு லிப்ட்: ஓடர் கொடுக்கும் நாள் எது?

நோன்புப் பெருநாளைக்கு விற்க வேண்டிய துணியை, பிறை கண்ட பிறகு ஓடர் கொடுக்கும் வியாபாரி எவராவது புறக்கோட்டையில் இருக்கிறாரா? இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னரே சாமானைத் தெரிவு செய்து, முற்பணம் கட்டி, கப்பல் வரும் நாளைக் கணக்கிட்டு வைப்பவர்தான் வியாபாரி. சீசன் வந்த பிறகு சாமான் தேடுபவரை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை.

ஆனால் இதே நாம், நமது வீட்டில் வயதான தாய் தந்தையரின் விடயம் வரும்போது இந்தப் புத்தியைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். மாடிப்படி ஏற முடியாமல் அவர்கள் விழுந்த பிறகுதான் "ஒரு லிப்ட் போட்டால் என்ன?" என்று யோசிக்கிறோம். இக்கட்டுரை அதைப் பற்றியது. இதை எழுதும் தகுதி எனக்கு வந்தது சரியாகச் செய்ததால் அல்ல. ஒரு தடவை பிழையாகச் செய்ததால்தான்.

மேலே மேலே போன வாப்பா

எனது வாப்பா பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் வியாபாரம் செய்தவர். தெமட்டகொடையில் நாலரை பேர்ச் காணியில் எண்பதுகளில் ஒரு வீடு கட்டினார். அப்போது அது கீழ்வீடு மட்டும். மூத்த ராத்தாவுக்குக் கலியாணம் வந்தபோது மேலே ஒரு தட்டு எழும்பியது. தங்கச்சிக்கு வந்தபோது இன்னொரு தட்டு. கொழும்பில் காணி விலை இருக்கும் நிலையில் பெண் பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் வீடு வாங்கிக் கொடுக்க எத்தனை பேரால் ஏலும்? வானத்துக்கு விலையில்லை என்பதால் நாமெல்லோரும் மேல்நோக்கியே கட்டினோம்.

பிறகு கீழ்த்தட்டை ஒரு வியாபாரிக்குக் களஞ்சியமாக வாடகைக்குக் கொடுத்தோம். நடுத்தட்டு ராத்தாவுக்கு. மேல்தட்டில் தங்கச்சி குடும்பத்தோடு வாப்பாவும் உம்மாவும். கீழ்வாடகைதான் அவர்கள் இருவருடைய மாதச் செலவு. பிள்ளைகளிடம் கை நீட்டாமல் வாழ வேண்டும் என்பது வாப்பாவின் ரோசம். அதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை, எவருமே எண்ணிப் பார்க்காத 36 படிகளில் இருந்தது. தட்டுக்கு 18 படி.

2017ஆம் ஆண்டளவில் வாப்பா ஐவேளைக்கும் பள்ளிக்குப் போவதைக் குறைத்தார். ஸுபஹும் இஷாவும் வீட்டில் என்றானது. பிறகு அஸரும் வீட்டில். கடைசியில் ஜும்ஆவுக்கு மட்டும் இறங்கினார். கடைக்கு வருவதை அதற்கு முன்னரே நிறுத்திவிட்டார். "வயசாகிட்டுது, வீட்டில் இருந்து ஓதிக்கொண்டிருக்கட்டும்" என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு வெளியே போகும் ஆசை குறைந்துவிட்டது என்றே நான் நம்பினேன். ஒரு நாள் மருந்து கொடுக்கும்போது சொன்னார்: "எறங்கினா ஏற ஏலாது மகன். ஏறினா மத்த நாள் எறங்க ஏலாது." அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

2019இல் அவர் மௌத்தானார். கடைசி எட்டு மாதத்தில் அவர் தரைக்கு வந்தது மூன்றே மூன்று தடவை. மூன்றும் வைத்தியசாலைக்கு. மூன்று தடவையும் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினோம். திருப்பத்தில் கதிரை சரியும்போது வாப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஐம்பது வருடம் பழைய சோனகத் தெருவில் கம்பி, கப்பி, சங்கிலி, இரும்புக் கயிறு என்று பாரம் தூக்கும் சாமான் விற்ற மனிதர் அவர். அவரைத் தூக்குவதற்கு எங்களிடம் ஒரு கதிரை மட்டுமே இருந்தது.

விழும் நாள் அல்ல, இறங்காத நாள்

எல்லோரும் கேட்கும் கேள்வி, "லிப்ட் எப்போது போடுவது?" என்பது. பலருடைய பதில், "ஏற ஏலாமல் போனால் பார்ப்போம்" என்பது. இந்தப் பதில்தான் பிழை. ஏற ஏலாத நாள் என்று ஒன்று தனியாக வருவதில்லை. அது கடன் கொடுக்கல் வாங்கல் மாதிரி. நல்ல வாடிக்கையாளர் ஒருவர் ஒரே நாளில் கைவிரிப்பதில்லை. முதலில் செக் இரண்டு நாள் பிந்தும். பிறகு ஒரு கிழமை பிந்தும். பிறகு தொலைபேசியை எடுக்க மாட்டார். பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு முதல் மாதத்திலேயே விளங்கும். பார்க்காதவனுக்குக் கடை பூட்டிய பிறகுதான் தெரியும்.

ஆகவே நான் சொல்வது, வீட்டிலும் ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். நாட்காட்டி ஒன்று போதும். வாப்பா அல்லது உம்மா கீழே இறங்கி வெளியே போன நாளுக்கு ஒரு அடையாளம் இடுங்கள். மூன்று மாதம் இதைச் செய்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். கூடவே இவற்றையும் கவனியுங்கள்.

ஒன்று, படியின் நடுவில் நின்று இளைப்பாறுகிறாரா? இரண்டு, ஒரு படிக்கு ஒரு கால் என்றில்லாமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பக்கவாட்டாக இறங்குகிறாரா? மூன்று, முன்னர் தானே போய் வாங்கிய சாமானுக்கு இப்போது பேரப்பிள்ளையை அனுப்புகிறாரா? நான்கு, கலியாணம், வலீமா, ஜனாஸா வீடு என்றால் "நீங்க போயிட்டு வாங்க" என்கிறாரா? ஐந்து, வைத்தியரிடம் போக வேண்டிய நாளைத் தள்ளிப் போடுகிறாரா?

ஆறாவது ஒன்றும் உண்டு. அது எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கியது. அவரைப் பார்க்க வருபவர்கள் குறைந்துவிட்டார்களா? எழுபத்தைந்து வயதுக்காரரின் கூட்டாளிமாருக்கும் எழுபத்தைந்து வயதுதான். அவர்களுக்கும் முழங்கால் வலிதான். வாப்பாவுக்கு இறங்க ஏலாது என்பதை மட்டும் நாங்கள் பார்த்தோம். அவருடைய பழைய கூட்டாளிமாருக்கு ஏற ஏலாது என்பதைப் பார்க்கவில்லை. கீழே வாசல் வரைக்கும் வந்து, கேற்றில் நின்று தொலைபேசியில் ஸலாம் சொல்லிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள்.

இந்த ஆறில் மூன்று கண்டால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சில வேளை கண்ணில் வெள்ளை படர்ந்ததால் படியின் விளிம்பு தெரியாமல் இருக்கும். சில வேளை மருந்து மாற்றினால் தலைசுற்று நிற்கும். முழங்காலுக்கு உடற்பயிற்சி சிகிச்சையால் பலன் கிடைக்கலாம். சரிக்கட்டக்கூடியதைச் சரிக்கட்டாமல் இலட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குவது புத்தியல்ல. ஆனால், "இதற்கு மேல் குறையத்தான் செய்யும், கூடாது" என்று வைத்தியர் சொன்னால், அந்தக் கிழமையே வேலையைத் தொடங்குங்கள். அதுதான் ஓடர் கொடுக்கும் நாள். அவர் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே.

ஏன் இவ்வளவு முன்னர்? அளவெடுத்து, மாநகர சபை அல்லது நகர சபை அனுமதி பெற்று, மேசன் வேலை முடித்து, சாமான் கப்பலில் வந்து, பூட்டி முடிக்கும் வரை மாதங்கள் ஆகும். எங்கள் வீட்டில் முற்பணம் கட்டிய நாளிலிருந்து எட்டு மாதம் ஆனது. தேவை வந்த பிறகு ஓடர் கொடுத்தால் அந்த எட்டு மாதமும் அவர் மேல்தட்டில் அடைபட்டிருப்பார். முதியவர்களுக்கு எட்டு மாதம் என்பது சிறிய காலமல்ல. நடக்காமல் இருந்த கால், லிப்ட் வந்த பிறகு வாசல் வரைக்கும்கூட நடக்காது.

விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து மரணிக்கிறார்கள். அதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பெலும்பு முறிந்த வீட்டில் இருந்தவர்களுக்கு, அதன் செலவையும் வேதனையையும் நான் சொல்லத் தேவையில்லை.

லிப்ட் தேவைப்படாத வீடு

லிப்ட் விற்பதற்காக நான் இதை எழுதவில்லை. பல வீடுகளுக்கு லிப்ட் தேவையே இல்லை. கீழ்த்தட்டு உங்கள் கையில் இருந்தால் முதல் கேள்வி, "பெற்றோரைக் கீழே கொண்டுவர ஏலாதா?" என்பதுதான். ஒரு அறை, ஒரு குளியலறை, வழுக்காத தரை, பிடித்து எழும்பக் கம்பி. இவ்வளவும் லிப்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

"கீழே வாடகைக்கு இருக்கிறதே" என்பீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். உதாரணத்துக்கு மாத வாடகை 75,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 9 இலட்சம். பத்து வருடத்துக்கு 90 இலட்சம். இந்தத் தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். மறு பக்கம் லிப்டின் விலை, மேசன் வேலை, பத்து வருடப் பராமரிப்பு, மின்சாரம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். வாடகை பெரிதென்றால் லிப்ட் போட்டு வாடகையைக் காப்பாற்றுங்கள். லிப்ட் பெரிதென்றால் வாடகையாளருக்கு நியாயமான அவகாசம் கொடுத்து இடத்தை எடுங்கள். அந்த வாடகையில்தான் பெற்றோர் சீவிக்கிறார்கள் என்றால், அவ்வளவையும் பிள்ளைகள் மாதாமாதம் பகிர்ந்து கொடுப்பதாக முதலில் முடிவெடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குப் பார்க்காமல் இரண்டையும் தள்ளிப் போடுவதுதான் வெட்கம். நான் செய்தது அதைத்தான்.

ஒரு தட்டு மட்டும், படி நேராக, போதிய அகலமாக இருந்தால், கைப்பிடிச் சுவர் ஓரம் தண்டவாளம் பூட்டி அதில் கதிரை ஓடும் 'ஸ்டெயார் லிப்ட்' போதும். லிப்டை விட விலை மிகக் குறைவு. ஆனால் கொழும்பில் நமது வீட்டுப் படிகள் பெரும்பாலும் மூன்று அடி அகலம், நடுவில் திருப்பம். திருப்பமுள்ள படிக்குத் தண்டவாளத்தை அளவெடுத்துச் செய்ய வேண்டும், விலை ஏறும். அத்தோடு சக்கர நாற்காலியில் இருப்பவர் மேலும் கீழும் இடம் மாறி உட்கார வேண்டும். அதை யோசியுங்கள்.

எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யலாம். படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்ற நிறக்கோடு, திருப்பத்தில் உட்கார ஒரு சிறு பலகை, பிரகாசமான விளக்கு. எந்த மேசன் பாஸும் இரண்டு மூன்று நாளில் செய்வார். லிப்ட் வரும் வரைக்கும் இது காப்பாற்றும்.

தள்ளிப் போட்டதன் விலை

வாப்பா மௌத்தான பிறகும் எனக்குப் புத்தி உடனே வரவில்லை. உம்மாவின் முழங்கால் பழுதானபோது, 2021 ஆரம்பத்தில் ஒரு கொட்டேஷன் எடுத்தேன். உம்மா கேட்டா, "எனக்கு என்னத்துக்கு மகன் லிப்ட்? நான் இன்னும் எத்தன நாளைக்கு? சல்லிய வீணாக்க வாணாம்." எனக்கும் அது வசதியாக இருந்தது. "உம்மாவே வேண்டாம் என்கிறா" என்று ஒரு சாட்டுக் கிடைத்தது.

2022 வந்தது. மார்ச் மாதத்துக்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. லிப்ட் என்பது முழுக்க முழுக்க இறக்குமதிச் சாமான். 2023இல் நான் ஓடர் கொடுத்தபோது பழைய கொட்டேஷனைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கட்ட வேண்டியிருந்தது. டொலர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தேவை நிச்சயம் என்று தெரிந்த இறக்குமதிச் சாமானைத் தள்ளிப் போட்டு இலாபம் கண்ட வியாபாரிகளை விட, நட்டம் கண்ட வியாபாரிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வயதானவர்கள் "வாணாம்" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வது "பிள்ளைக்குச் செலவாகிவிடுமே" என்பதுதான். உம்மாவிடம் இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. "மாமி வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போக விருப்பமா?" என்று மட்டும் கேட்டேன். கண் கலங்கியது. பதில் அதுதான்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

லிப்டில் பல வகை உண்டு. கயிறும் எதிர்ப்பாரமும் கொண்டது, எண்ணெய் அழுத்தத்தில் ஏறுவது, பெரிய திருகாணி வழியே ஏறுவது, காற்றை உறிஞ்சி ஏற்றும் குழாய் வகை. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலாவது அளவு. முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த கொம்பனியின் விற்பனையாளர், இருவர் நிற்கக்கூடிய ஒரு சிறிய பெட்டியைக் காட்டி "இது போதும் ஹாஜியார், விலையும் குறைவு" என்றார். பெயர் வேண்டாம். நான் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்து, தரையில் சோக்கால் அந்தப் பெட்டியின் அளவைக் கீறி, நாற்காலியை உள்ளே விட்டுப் பார்த்தேன். போகவில்லை. இன்று நடப்பவர் நாளை நாற்காலியில் இருப்பார். அந்த நாளைக்கு உதவாத லிப்ட், பாதி வழியில் நின்றுபோகும் லொறி மாதிரித்தான். கதவின் திறப்பு 80 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. பெட்டியின் உள்ளளவு ஒரு மீற்றர் அகலமும் 1.3 மீற்றர் நீளமுமாவது இருக்கட்டும். நாற்காலியோடு இன்னொருவர் நிற்க வேண்டுமானால் 1.1 மீற்றருக்கு 1.4 மீற்றர் நல்லது.

இரண்டாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிடாதீர்கள். மின்சாரம் நின்றால் பற்றரியில் தானாகவே அடுத்த தட்டுக்குப் போய்க் கதவு திறக்கும் வசதி இல்லாத லிப்டை வாங்கவே வேண்டாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது உம்மா லிப்டுக்குள்தான் இருந்தா. உள்ளே விளக்கு எரிந்தது. மெல்ல இறங்கிக் கதவு திறந்தது. கரண்ட் போன விடயம் வெளியே வந்த பிறகுதான் அவவுக்குத் தெரியும். அந்தப் பற்றரிக்குச் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றீடு தேவை. அதன் விலையையும் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குழி. சாதாரணக் கட்டடங்களின் லிப்டுக்கு அடியில் நான்கு, ஐந்து அடி ஆழக் குழி தேவைப்படும். வீட்டுக்கென்று செய்யும் பல வகைகளுக்கு ஒரு அடிக்குள் போதும். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடமென்றால் குழியில் தண்ணீர் நிற்காத ஏற்பாட்டையும், மின்பெட்டியை மேல்தட்டில் வைப்பதையும் வற்புறுத்துங்கள்.

நான்காவது பராமரிப்பு. உதிரிப்பாகம் இங்கே கையிருப்பில் உண்டா? ஞாயிற்றுக்கிழமை பழுதானால் எத்தனை மணித்தியாலத்தில் ஆள் வரும்? வருடாந்த ஒப்பந்தத்தில் எது அடங்கும், எது அடங்காது? வாய்ப்பேச்சு வேண்டாம், தாளில் வாங்குங்கள். அந்தக் கொம்பனி ஐந்து வருடத்துக்கு முன்னர் பூட்டிய வீடொன்றுக்குப் போய் வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். நாங்கள் சாமான் வாங்கும்போது அப்படித்தானே செய்கிறோம்.

ஐந்தாவது பணம் கட்டும் முறை. ஓடருக்கு ஒரு பங்கு, சாமான் துறைமுகத்துக்கு வந்ததும் ஒரு பங்கு, பூட்டியதும் ஒரு பங்கு, ஓடிப் பார்த்துக் கையளித்த பிறகு கடைசிப் பங்கு என்று பிரியுங்கள். கடைசிப் பங்கைச் சிறிதாக வைக்காதீர்கள். பெரும்பாலான கொம்பனிகள் பேசினால் இறங்கி வரும். இதற்காக வட்டிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

"கயிறு அறுந்தா?" என்று உம்மா பயந்தா. இரும்புக் கயிறு விற்பவனின் உம்மா கேட்க வேண்டிய கேள்விதான். ஒட்டிஸ் என்பவர் 1854இல் நியூயோர்க் கண்காட்சியில், தான் ஏறி நின்ற மேடையின் கயிற்றை எல்லோர் முன்னிலையிலும் அறுக்கச் செய்து, மேடை விழாமல் பிடித்து நிற்பதைக் காட்டினார். அந்தப் பிடிப்பின் வழிவந்த பாதுகாப்பு இன்றும் கயிற்றில் ஓடும் லிப்டில் உண்டு. அதைச் சொன்னதும், "அப்ப சரி" என்றா. வேகத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். எங்கள் லிப்ட் செக்கனுக்கு 15 சென்ரிமீற்றர்தான் ஏறும். கீழிருந்து மேல்தட்டுக்கு 21 அடி. முக்கால் நிமிடம்கூட ஆவதில்லை.

யாருடைய லிப்ட்?

நமது வீடுகளில் மறைந்து கிடக்கும் பிரச்சினை இது. தட்டுக்கு ஒரு உறுதி, தட்டுக்கு ஒரு மகள். லிப்ட் மூன்று தட்டையும் தொடும். செலவு யாருடையது? நடுத்தட்டு மாப்பிள்ளை "நான் பாவிக்கிறதில்லையே" என்றால் என்ன செய்வது? பெற்றோருக்குப் பிறகு அது யாருக்குச் சொந்தம்? பராமரிப்புப் பணத்தை யார் கட்டுவது? இதை லிப்ட் பூட்டிய பிறகு பேசினால் சண்டை. முன்னர் பேசினால் ஒரு தாளோடு முடியும். நாங்கள் எல்லோரும் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிக் கையொப்பம் வைத்தோம். வாங்கும் செலவு ஆண்பிள்ளைகள் இருவருடையது. பராமரிப்பு நான்கு பேருக்கும் சமம். லிப்டுக்குத் தனி மீற்றர். கீழ் வாசல் பக்கத்து ஒழுங்கையில். வாடகையாளரின் களஞ்சியத்துக்குள் அல்ல. வீட்டுப் பெண்கள் போய் வரும் வழியில் வாடகையாளரின் ஆட்கள் நிற்கக் கூடாது என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும்.

பழைய வீட்டில் தட்டை வெட்டி இடமெடுப்பதானால் பொறியியலாளர் ஒருவர் பார்த்து, எந்த பீம் எதைத் தாங்குகிறது என்று சொன்ன பிறகே ஒரு அடி அடிக்க வேண்டும். வெளிச்சுவர் ஓரம் இரும்புச் சட்டத்தில் எழுப்ப இடமிருந்தால் அது இலகு. எங்களுக்கு இடமிருக்கவில்லை. மூன்று தட்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த சாமான் அறைகளைத் திறந்தோம்.

இப்போது கட்டுபவர்களுக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விடயத்தை வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாடி வீடு கட்டும் முப்பது, நாற்பது வயதுத் தம்பிமாரே, லிப்ட் இப்போது வேண்டாம். ஆனால் அதற்கான இடத்தை இப்போதே விடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாக, உள்ளளவு ஐந்து அடிக்கு ஐந்தரை அடி கொண்ட ஒரு சிறிய அறை. சரியான அளவைப் பொறியியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குச் சுற்றிவர பீம் போட்டு, நடுவில் பலகைத் தட்டு மட்டும் போடுங்கள். பின்னர் கழற்றலாம். அடியில் குழியைக் கட்டி மணல் நிரப்பி மூடுங்கள். மூன்று கட்ட மின்சாரத்துக்குச் சுவருக்குள் ஒரு குழாய். அவ்வளவுதான். அது வரைக்கும் அலுமாரி அறையாகப் பாவியுங்கள். கட்டும்போது இதற்கு ஆகும் மேலதிகச் செலவு மிகச் சொற்பம். பிறகு கொன்கிரீட்டை வெட்டித் திறக்கும்போது ஆகும் செலவைக் கட்டியவன் நான்.

"வாப்பா உம்மாவுக்குப் பிறகு இந்த லிப்ட் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 1981இல் இந்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 6.6 பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் அது 12.4 ஆகியது. அந்த வரிசையில் அடுத்ததாக நிற்பது நானும் நீங்களும்தான். முன்னர் கதிரையைத் தூக்க வீட்டில் நான்கு வாலிபர்கள் இருந்தார்கள். இப்போது ஒரு மகன் கட்டாரில், ஒரு மகன் அவுஸ்திரேலியாவில். நமது கதிரையைத் தூக்குவது யார்?

இப்போது உம்மாவுக்கு 78 வயது. கிழமைக்கு நான்கு, ஐந்து நாள் கீழே இறங்குகிறா. மாமி வீட்டுக்குப் போகிறா. மாமியும் எங்கள் வீட்டுக்கு வருகிறா. பின்னேரங்களில் ஒழுங்கை வாசலில் கதிரை போட்டு இருவரும் கதைத்துக்கொண்டிருப்பதைக் கடை முடிந்து வரும்போது காண்கிறேன். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஜும்ஆவுக்குப் போக லிப்டில் இறங்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்த முக்கால் நிமிடத்தில், எனக்கு வாப்பாவின் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. 2017இலேயே நாட்காட்டியில் அடையாளம் இடத் தொடங்கியிருந்தால், அவரும் என் பக்கத்தில் நின்று இறங்கியிருப்பார்.

வியாபாரத்தில் போன சீசன் போனதுதான். அடுத்த சீசனுக்கு ஆயத்தமாகலாம். பெற்றோர் விடயத்தில் அப்படி அடுத்த சீசன் ஒன்று இல்லை. இன்று இரவு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் படிகளை எண்ணுங்கள். பிறகு, உங்கள் வாப்பாவோ உம்மாவோ கடைசியாக எப்போது கீழே இறங்கினார் என்று கேளுங்கள். உடனே பதில் சொல்ல வீட்டில் எவருக்கும் முடியாவிட்டால், உங்களுக்கு ஓடர் கொடுக்கும் நாள் வந்துவிட்டது.